வேளச்சேரி மாடித் தோட்டக் குறிப்புகள்

ஜூலை 9, 2023
தக்காளி கிலோ நூறைத் தாண்டி நிற்கிறது. ரேஷனில் 60 ரூபாய்க்குத் தருகிறார்கள், ஆனால் எல்லாக் கடையிலும் இல்லை. அபார்ட்மென்ட் குழுவில் திடீரென்று எல்லாருக்கும் மாடித் தோட்ட ஆசை, அதுவும் தக்காளித் தோட்டம். நாற்று விட்டு, நட்டு, காய்த்துப் பழுப்பதற்குள் விலை தானே இறங்கிவிடும் ஐயா! கீரை போடலாம் என்றேன். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும், அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் தழைக்கும். "கீரைக்கார அம்மாதான் வாசலுக்கே வர்றாங்களே" என்றார் மூன்றாம் மாடி சார். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேட்டை மூடி சந்தையைத் திருமழிசைக்கு மாற்றினார்களே, அப்போது என்ன பாடுபட்டோம் என்று கேட்டேன். பதில் இல்லை.

ஜூலை 23
ஆடிப்பட்டம் தேடிக் கீரை விதைத்தாகிவிட்டது. செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. தளம் ஒழுகும் என்று செயலாளர் பயந்ததால் பைகளைச் செங்கல் மேல், சுவர் ஓரமாக மட்டும். ஆர்ஓ கழிவுநீரை ஊற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. போர்வெல் தண்ணீரிலேயே உப்பு, அதை வடிகட்டி மிஞ்சியதில் இன்னும் உப்பு, வேண்டாம்.

செப்டம்பர் 17
தக்காளி விலை இறங்கியது, மாடிக்கு வரும் கூட்டமும் பாதியானது. மிச்சமிருப்பவர்களில் கெட்டிக்காரி வாட்ச்மேன் அண்ணனின் மனைவிதான். திருவண்ணாமலைப் பக்கம் விவசாயக் குடும்பம், அசுவினிப் பூச்சி வந்த இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு சாம்பலைத் தூவச் சொன்னார், பலன் கிடைத்தது. அவர்களுக்கும் சம பங்கு என்றதும் ஒரு வீட்டில் முகம் சுளித்தார்கள், தண்ணீர் ஊற்றுவதற்கோ ஒரு நாளும் வந்ததில்லை. ஊற்றுபவருக்கே கீரை என்று முடிவு செய்தோம். இதற்கே ஒன்றரை மணி நேரக் கூட்டம்!

டிசம்பர் 6
மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர், பால் பாக்கெட் கண்ணிலேயே படவில்லை. மாடியில் கீரை எல்லாம் கூழ். தண்ணீர்த் தொட்டி மறைவில் படர்ந்த கொடிப்பசலையும், டிரம்மில் முறிந்து விழுந்த முருங்கைக் கிளையும்தான் தப்பின. இருந்த பருப்போடு சேர்த்து எட்டு வீட்டுக்கு ஒரு வேளைக் கூட்டு. பசியாற்றியது ரேஷன் அரிசிதான், தோட்டம் இல்லை. சோவியத் உடைந்து உதவி நின்றபின் கியூபாவின் தலைநகர் ஹவானாவில் காலி மனையெல்லாம் காய்கறி போட்டார்கள், அவர்களுக்கும் அரிசி கப்பலில்தான் வந்தது. மாடியிடம் அவ்வளவுதான் கேட்கலாம். அடுத்து முருங்கைப்போத்து (நட்டால் வேர்விடும் கிளைத்துண்டு) இன்னும் நாலு டிரம்மில், பசலை சுவர் முழுக்க. தக்காளி என்று யாராவது ஆரம்பித்தால் நான் கீழே இறங்கிவிடுவேன்.