மருத்துவர் தரும் பாரத்தில் வெறும் ‘எம்ஆர்ஐ’ என்றிருந்தால் கிளம்பாதீர்கள்

தங்கைக்கு 29 வயது. தலைவலி, பலதுறை மருந்தகம், முதல் எம்ஆர்ஐ எல்லாம் மளமளவென்று முடிந்தன. மூளையின் பக்கவாட்டு நீரறைக்குள் சோப்பு நுரை மாதிரி ஒரு கட்டி. சென்ட்ரல் நியூரோசைட்டோமாவாக இருக்கலாம், ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் (திசுவிலுள்ள வேதிப்பொருள்களை அளப்பது) பெர்ஃபியூஷனும் (ரத்த ஓட்டத்தை அளப்பது) சேர்த்து இன்னொரு தடவை எடுங்கள் என்றார் மருத்துவர். மூளைக் கட்டிகளில் நூற்றில் ஒன்றுகூட இல்லாத வகை, 1982இல்தான் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

கூத்து அதற்கு அப்புறம்தான். லீவு போட்டு சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனால், கவுண்டரில் இருந்தவர் பாரத்தைப் புரட்டிவிட்டு, “மூளை எம்ஆர்ஐனுதானே போட்டிருக்கு, அதான் போன மாசமே எடுத்துட்டீங்களே?” என்கிறார். மருத்துவர் வாயால் சொன்னது பாரத்தில் ஏறவே இல்லை! அவருக்கு ஒரு போன் போடுங்கள் என்று கெஞ்சினேன், புதுப் பாரத்தோடு வாங்க என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. போதாக்குறைக்கு, படத்தில் கட்டி தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசிக்குச் சிறுநீரக ரத்தப் பரிசோதனை முடிவும் வேண்டுமாம். அதை முன்னாடியே சொன்னால் என்ன?

அடுத்த முறை தாலியில் வந்து நின்றது. உலோகம் எதுவும் கூடாது. அம்மா விவரமாக மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டும் கொண்டு வந்திருந்தார், அங்கேயே மாற்றிக் கட்டினோம். மூக்குத்தித் திருகுதான் கழன்று வர மாட்டேன் என்று கால் மணி நேரம் படுத்தியது, அதை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

மருத்துவர் பிறகு ஸ்பெக்ட்ரோஸ்கோபி வரைபடத்தைக் காட்டி விளக்கினார். கோலின் என்ற வேதிப்பொருள் உயர்ந்திருந்தது, வரைபட அளவுகோலில் 3.55 பிபிஎம் என்ற இடத்தின் பக்கத்தில் ஒரு கூம்பு. அது கிளைசின் என்ற பொருளுடையது என்றால் நியூரோசைட்டோமாவின் பக்கம் சாயலாம், ஆனால் மயோ இனோசிட்டால் என்ற இன்னொன்றும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் எழும்புமாம். எதிரொலி நேரத்தை, அதாவது சமிக்ஞையைப் பதிவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தை, நீட்டி எடுத்தால் இனோசிட்டால் தணிந்துவிடும், கிளைசின் நிற்கும். இவளுக்கு நின்றது. திசுவைச் சோதித்த பிறகுதான் உறுதி என்றார், அறுவைக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்.

படங்களின் சிடியை வாங்கியதும் கிளம்பிவிடவில்லை. போன தடவை கொடுத்ததில் அறிக்கை மட்டும்தான் இருந்தது. கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து மடிக்கணினியில் போட்டு, படங்கள் அத்தனையும் திறக்கின்றனவா என்று பார்த்த அப்புறம்தான் கிராப் வாடகைக் கார் கூப்பிட்டேன்.