செயின்ட் மார்ட்டின்: அக்கா வீட்டில் ஐந்து வாரம்

மே 26, 2023

கரீபியன் கடலில் இருக்கும் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தேன். அக்கா வீடு கோல் பேயில், தீவின் டச்சுப் பக்கம். மாமாவுக்கு டச்சுப் பக்கத் தலைநகரான பிலிப்ஸ்பர்க்கில், ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை. தெரு நெடுக சிந்தி வியாபாரிகளின் கடைகள்.

மொத்தத் தீவே 87 சதுர கிலோமீட்டர்தான். வடக்கே சுமார் 53 பிரான்ஸுக்கு, தெற்கே 34 நெதர்லாந்து முடியரசைச் சேர்ந்த சின்ட் மார்ட்டனுக்கு. நான் வந்த நாளும் நல்ல நாள். கிழக்குக் கரையில் ஓய்ஸ்டர் பாண்ட் என்ற குளம் யாருக்கு என்று நெடுநாளாக இழுத்துக்கொண்டிருந்த தகராறு முடிந்து, இரு தரப்பும் இன்றுதான் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன. 375 வருஷமாகப் பங்காளிகளாக இருப்பவர்கள் ஒரு குளத்துக்காகப் பேசிப் பேசித் தீர்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

மே 28

மாரிகோ போனோம். அது பிரெஞ்சுப் பக்கத் தலைநகர். எல்லை எப்போது வரும் என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே போனேன். "அதெல்லாம் தாண்டிட்டோம்டி" என்றாள் அக்கா. கேட் இல்லை, சாவடி இல்லை, நிறுத்திக் கேட்க ஆளும் இல்லை. சாலையோரம் ஒரு கல்தூண், 1648–1948 என்று பொறித்தது, அவ்வளவுதான்.

1648 மார்ச் 23 அன்று ஒரு மலைமேல் இரு நாட்டாரும் போட்ட கான்கோர்டியா ஒப்பந்தம்தான் இதற்கெல்லாம் அடி. ஒரு பிரெஞ்சுக்காரனும் ஒரு டச்சுக்காரனும் ஆளுக்கொரு பக்கமாகக் கரையோரம் நடந்து, சந்தித்த இடத்தில் கோடு போட்டார்கள் என்றொரு கதை உண்டு. அவன் ஒயின் குடித்தானாம், இவன் ஜின் குடித்துத் தள்ளாடினானாம், அதனால் இவனுக்கு நிலம் குறைந்ததாம். எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். கதை அழகு. ஆனால் கரையில் அப்போது பிரெஞ்சுக் கப்பற்படை நின்றிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்று பிரெஞ்சுப் பக்கத்தில் அடிமை ஒழிப்பு நினைவு நாள். எந்த வருஷம் என்று கேட்டேன். 1848. டச்சுப் பக்கத்தில்? 1863 என்றார் மாமா. வீடு திரும்பும்வரை எனக்கு அதே நினைப்பு. காரில் பத்து நிமிஷம்கூட ஆகாத தூரத்துக்குப் பதினைந்து வருஷ வித்தியாசம்.

ஜூன் 4

மாரிகோவில் வாங்கிய மிக்ஸியை அக்கா வீட்டில் போட முடியாது. அங்கே 220 வோல்ட், ஐரோப்பிய பிளக். இங்கே 110, அமெரிக்க பிளக். மாமாவின் கடையில் கன்வெர்ட்டர் ஓயாமல் விற்பது இதனால்தான். போனிலும் அப்படித்தான்: மாரிகோவுக்கு அழைத்தால் வெளிநாட்டு அழைப்பு. அங்கே யூரோ, இங்கே கில்டர், இரண்டு பக்கமும் டாலர் செல்லும். சந்தையில் காதில் விழுவது என்னவோ பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

ஜூன் 11

பிலிப்ஸ்பர்க்குக்குப் பின்னால் இருக்கும் கிரேட் சால்ட் பாண்ட் பார்த்தேன். தூத்துக்குடிக்காரிக்கு உப்பளம் என்றால் கால் தானாக நிற்கும். இங்கே 1949உடன் உப்பெடுப்பது நின்றுவிட்டது. குளத்தில் ஒரு பகுதியைத் தூர்த்து ரோடும் கட்டடமும் ஆக்கிவிட்டார்கள்.

டச்சுக்காரர்களை இந்தத் தீவுக்கு இழுத்தது இந்த உப்புதான். ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்த அவர்களுக்கு மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். ஸ்பெயினோடு போர் என்பதால் பழைய இடங்களிலிருந்து வாங்க முடியவில்லை. 1631இல் இங்கே ஃபோர்ட் ஆம்ஸ்டர்டாம் கட்டினார்கள். இரண்டே வருஷத்தில் ஸ்பெயின் பிடுங்கிக்கொண்டது. அதை மீட்கப் போன 1644 முற்றுகையில்தான் பீட்டர் ஸ்டைவசன்ட் கால் இழந்தார். பிற்பாடு நியூயார்க் ஆன ஊரை ஆண்டவர் அவர்.

ஆனால் கோட்டையைவிட எனக்கு மனதில் நின்றது குளத்தில் இறங்கி வேலை செய்த அடிமைகள். உப்பு நீரில் மணிக்கணக்காக நின்றால் கால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாட்டியின் கால் வெடிப்பைப் பார்த்து வளர்ந்தவள் நான். பாட்டிக்கு மாலையில் கூலி வந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஜூன் 18

மழை. அக்கா 2017 செப்டம்பர் 6 பற்றிப் பேசினாள். இர்மா புயல். குளியலறையில் மெத்தையை மேலே போட்டுக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருந்தார்களாம். விடிந்து பார்த்தால் கூரை இல்லை, மலையில் ஒரு பச்சை இலை இல்லை. "எரிஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 23

மாரிகோ சந்தையில் மிளகாய் விற்கும் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு பிரெஞ்சுக் கரீபியன் தீவான குவாதலூப்பில் பிறந்தவர். குடும்பப் பெயர் நம் ஊர்ப் பெயர், பிரெஞ்சு உச்சரிப்பில். தமிழ் தெரியாது. குழம்பு என்ற சொல் மட்டும் தெரிந்தது. "கொலொம்போ" என்று அவர்கள் சமைக்கும் மசாலாக் குழம்பு அது.

1848இல் விடுதலையானவர்கள் பலர் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. ஆள் வேண்டுமே என்று 1854 முதல் குவாதலூப்புக்கு நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். பிரெஞ்சு செயின்ட் மார்ட்டினும் 2007வரை குவாதலூப்பின் நிர்வாகத்தில்தான் இருந்தது. வெங்காயத்துக்கும் பச்சை மிளகாய்க்கும் அந்த அம்மா காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜூலை 1

இன்று டச்சுப் பக்கத்தின் விடுதலை நாள். கடை விடுமுறை. காலையில் ஆம்ஸ்டர்டாமில் மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் அடிமைத்தனத்துக்காக மன்னிப்புக் கேட்டதை மாமாவின் போனில் பார்த்தோம். மாமா மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார்.

1863இல் நஷ்டஈடு கொடுத்தார்கள், முதலாளிகளுக்கு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

இங்கே 1863வரை எல்லாரும் காத்திருக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். 1848இல் அந்தப் பக்கம் விடுதலை என்று கேள்விப்பட்டதும் கோல் பே பக்கத்து டயமண்ட் எஸ்டேட்டிலிருந்து 26 பேர் எல்லை தாண்டி ஓடினார்கள். அதற்குப் பிறகு டச்சுப் பக்கத்தில் யாரையும் பழையபடி பிடித்துவைக்க முடியவில்லை. சட்டம் வருவதற்குள் நடைமுறையில் பாதி விடுதலையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் அக்காவும் நானும் வீட்டிலிருந்து அந்தக் கல்தூண் வரை ஏற்றத்தில் நடந்தோம். மூச்சு வாங்கியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அக்கா கேட்டாள். தூணருகே உட்கார்ந்திருந்தோம். கார்கள் வேகம் குறைக்காமல் போய்க்கொண்டே இருந்தன.

இருட்டியதும் மாமா காரோடு வந்தார். இந்தப் பக்கம் திருப்ப இடமில்லை. பிரான்ஸுக்குள் கொஞ்சம் போய்த் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.