உப்பைக் கழுவ நல்ல தண்ணியா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில் நானும் என் சித்தப்பா மகனும் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) சொல்லித் தருகிறோம். பன்னிரண்டு போர்டு, ஒரு கொட்டகை, கை கால் கழுவ ஒரு குழாய். அவ்வளவுதான் தொழில். மோட்டார் கிடையாது, புகை கிடையாது. கடல் தருகிற அலையில் ஏறி இறங்குகிறோம், இதில் என்ன மாசு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்புக்கு வந்த ஏழு வயதுச் சிறுமி கை நிறைய வெள்ளை மணிகளைப் பொறுக்கி வந்து நீட்டினாள். "அண்ணா, இது உங்க போர்டுல இருந்துதான் கொட்டுது." திருப்பிப் பார்த்தேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் மெத்தைப் போர்டின் வால் பக்கம் தோல் பிரிந்து, உள்ளே இருந்த தெர்மாகோல் அரிசிப் பொரி மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக உதிர்ந்ததோ. அவளுடைய அப்பா எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அன்று சாயங்காலம் சேர்ந்த குப்பையை எல்லாம் ஒரு சாக்கில் கொட்டி எண்ணினோம். வந்தவர்கள் இருபத்து மூன்று பேர், தண்ணீர் பாட்டில் நாற்பத்தொன்று. அப்புறம் டீ கப், பிஸ்கட் உறை, சன்ஸ்கிரீன் டியூப், காலையும் போர்டையும் இணைக்கும் லீஷ் கயிறு அறுந்தது ஒன்று.

ஆரம்பத்தில் செய்தது எல்லாமே காசு கொடுத்து ஏமாந்த கதைதான். மக்கும் கப் என்று சொல்லி ஒரு கடைக்காரர் ஆயிரம் காகிதக் கப் கொடுத்தார். சந்தேகத்தில் ஒன்றைக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஒரு வாரத்தில் காகிதம் கூழாகிப் போனது. கப்பின் வடிவத்திலேயே, கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல் மட்டும் மிதந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருட்களின் பட்டியலில் இந்தப் பூச்சுக் கப்பும் இருக்கிறது என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இப்போது எவர்சில்வர் டம்ளர்தான். மாதத்துக்கு இரண்டு மணலில் புதைந்து காணாமல் போகிறது. போகட்டும்.

பாட்டிலுக்குப் பதில் கேன் தண்ணீரை மண்பானையில் ஊற்றி வைத்தோம். முதல் இரண்டு வாரம் யாரும் தொடவில்லை, பானைத் தண்ணீர் என்றால் ஊருக்கு வந்த இடத்தில் ஒரு பயம். அம்மா ஒரு பிடி வெட்டிவேரைப் போட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்து பானையைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டாவது டம்ளரும் கேட்கிறார்கள்.

பெரிய பாடம் குழாயடியில்தான் நடந்தது. கடலிலிருந்து ஏறியதும் ஆளாளுக்குக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார்கள். போர்டுக்கு ஒரு குளியல், சட்டைக்கு ஒரு குளியல். பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்துவிட்டு, "ஏண்டா, உப்பைக் கழுவ நல்ல தண்ணியா?" என்றாள். அவள் கேட்டது நியாயம். எங்கள் கரையில் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அத்தை வீட்டுக் கிணறு அந்தக் கோடையில் கரிக்கத் தொடங்கியிருந்தது. அது எங்களால்தான் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் எங்கள் போர்வெல் அங்கிருந்து முப்பது அடி. குழாயைப் பிடுங்கிவிட்டோம். ஆளுக்கு ஒரு வாளி, ஒரு சொம்பு. சட்டைகள் எல்லாம் ஒரே தொட்டியில் ஊறும், அந்தத் தண்ணீர் தென்னைக்குப் போகும். ஷவர் இல்லையா என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் உண்டு.

விளக்கு விஷயம் வலித்தது, இரண்டு விதத்திலும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் எங்கள் கரையில் முட்டையிட வரும். முட்டை பொரிய ஒன்றரை மாதம்போல ஆகும். குஞ்சுகள் இரவில் வெளியே வந்து, எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். விளக்கு இல்லாத காலத்தில் அது கடல் பக்கம். ஒரு மார்ச் காலையில் கொட்டகையைத் திறக்க வந்தபோது, மணலில் சின்னச் சின்னத் துடுப்புத் தடங்கள் கடலுக்கு முதுகு காட்டி எங்கள் விளக்குக் கம்பத்தை நோக்கி வந்திருந்தன. கம்பத்தடியில் காக்கைகள். அந்த விளக்கு எதற்கு? சனிக்கிழமை ராத்திரி நெருப்பு மூட்டி உட்கார வைக்கும் விருந்துக்கு. மாத வருமானத்தில் கால் பங்கு அதில்தான் வந்தது. சீசன் முழுக்க அதை நிறுத்தலாம் என்றேன், சித்தப்பா மகன் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது ஆமை மாதங்களில் ஏழு மணிக்குமேல் கரையில் எங்கள் வெளிச்சம் கிடையாது.

மெழுகைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டிப் போர்டின்மேல் கால் வழுக்காமல் இருக்கத் தேய்க்கும் மெழுகு பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. தேன்மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் காய்ச்சி நாங்களே செய்து பார்த்தோம். சித்திரை வெயிலில் அது நெய்யாக வழிந்தது. நாகப்பட்டினம் பக்கம் வள்ளம் கட்டும் வேலைக்குப் போன பெரியப்பா, "குங்கிலியம் போடாம எப்படிடா பிடிக்கும்?" என்றார். மரப்படகின் இடுக்கை அடைக்கக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சுவது பழைய வழக்கம். ஐந்து பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு எண்ணெய், ஒரு பங்கு குங்கிலியம் என்று போட்டதும் பிடித்துக்கொண்டது. கொட்டகையே கோயில் மாதிரி மணக்கிறது. உண்மையைச் சொன்னால், இதனால் கடலுக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஒரு போர்டுக்கு விரல் நுனியளவு மெழுகுதானே. எங்களுக்கு ஆசை, செய்தோம்.

காரியம் ஆனது போர்டை நிழலில் வைத்ததில்தான். முன்பு நாள் முழுக்க வெயிலில் மணல்மேல் கிடக்கும். சூட்டில் பசை விட்டு, பத்து மாதத்தில் தோல் பிரியும். கீற்றை நீட்டி வேய்ந்து, கிழிசலை அன்றன்றே ஒட்டி, ஒட்டாத போர்டைத் தண்ணீரில் இறக்காமல் வைத்ததில் அதே போர்டுகள் இரண்டு வருஷம் தாண்டி ஓடுகின்றன.

தீராதது ஒன்று, வருகிறவர்களின் கார். சென்னையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு ஆளுக்கு ஒரு கார். பேருந்தில் வந்தால் நூறு ரூபாய் குறைக்கிறோம் என்று எழுதி மாட்டினோம். இதுவரை பதினோரு பேர் வந்திருக்கிறார்கள், அதில் நான்கு பேர் கல்லூரிப் பையன்கள், ஒரே கூட்டம்.

இன்னொன்று, உடைந்த போர்டுகள். வலைக்கு மிதவை வேண்டும் என்று ஒரு அண்ணன் ஒன்றை அறுத்து வாங்கிப் போனார். மறு மாதமே அதே வெள்ளை மணிகள் கரையில். மிச்சத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் தட்டிப் பார்த்து, "இதுல எதுவும் தேறாது தம்பி" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இரண்டைத் தார்ப்பாய் சுற்றிப் பெஞ்சாக்கிவிட்டோம். மூன்று கொட்டகைக்குப் பின்னால் சாய்ந்து நிற்கின்றன.