அசோபென்சீன் புராஜெக்டா? முதலில் டியூப்லைட்டை அணையுங்கள்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் எனக்கு அமைந்த புராஜெக்ட் அசோபென்சீன். ஆரஞ்சு நிறப் பொருள். புற ஊதா ஒளி பட்டால், நீட்டி நிமிர்ந்து கிடக்கும் டிரான்ஸ் மூலக்கூறு முழங்கையை மடக்கியதுபோல சிஸ் வடிவத்துக்கு மடங்கும். எதிரெதிர் முனைக் கார்பன்களுக்கு நடுவே 9 ஆங்ஸ்ட்ராமாக இருந்த தூரம் 5.5 ஆகிவிடும். நீல ஒளி காட்டினாலோ சூடாக்கினாலோ பழையபடி நிமிரும். 1937-இல் ஹார்ட்லி என்ற வேதியியலாளர் சிஸ் வடிவத்தைக் கண்டறிந்ததில் தொடங்கி அறிமுக அத்தியாயத்தை ஒரே வாரத்தில் எழுதிவிட்டேன். அது சுலபம்.

சிக்கல் ஆய்வகத்தில். 365 நானோமீட்டர் விளக்கின்கீழ் ஐந்து ஐந்து நிமிடமாக வைத்து, ஒவ்வொரு முறையும் க்யூவெட்டோடு (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு ஒளிபுகு கலம்) வராந்தாவைத் தாண்டி, எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் யூ.வி. கருவி அறைக்குப் போவேன். 320 நானோமீட்டரில் தெரியும் டிரான்ஸின் பெரிய உறிஞ்சல் முகடு இறங்க வேண்டும். இறங்கியது, ஆனால் நாளுக்கு ஓர் அளவு. கருவியைத்தான் திட்டினேன். கருவிக்காக வரிசையில் நின்ற நேரம்தான் காரணம் என்பது இரண்டு வாரம் கழித்தே உறைத்தது. டியூப்லைட்டில் உள்ள பாதரசம் 436 நானோமீட்டரிலும் ஒளி விடும். சிஸ்ஸைத் திருப்பி அனுப்ப அது போதும். இருட்டில், அறை வெப்பத்தில் நாட்கணக்கில் தாங்கக்கூடிய சிஸ், நான் வராந்தாவில் அரட்டை அடித்தபோது குறைந்துகொண்டிருந்தது. அப்புறம் அலுமினியத் தாளில் சுற்றிக் கொண்டுபோனேன், அளவுகள் ஒத்துவந்தன.

வரைகோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தும் பாருங்கள். எல்லாம் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும்; அதுதான் ஐசோஸ்பெஸ்டிக் புள்ளி. என்னுடையது மெல்ல மேலே ஏறியது. மூடியில்லாத க்யூவெட்டில் கரைப்பானான ஹெக்சேன் ஆவியாகிச் செறிவு கூடியிருக்கிறது, வேறொன்றுமில்லை. மூடி போடுங்கள்.

வைவாவில் ஹார்ட்லியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. “ஒரு மணி நேரம் வெச்சா முழுசும் சிஸ் ஆயிடுமா?” என்றார் வெளித்தேர்வாளர்.

“ஆயிடும் சார்.”

“சிஸ் 365-ஐ உறிஞ்சாதோ?”

மாட்டினேன். உறிஞ்சும், உறிஞ்சி டிரான்ஸாகத் திரும்பவும் செய்யும். போவதும் வருவதும் சமமாகிற விகிதத்தில் கலவை நின்றுவிடும். போட்டோஸ்டேஷனரி ஸ்டேட் என்பது அதுதான். அதற்குமேல் எவ்வளவு நேரம் வைத்தாலும் விகிதம் அசையாது. என் வரைபடத்திலும் இருபது நிமிடத்துக்குப் பிறகு கோடு அப்படியே நின்றிருந்தது. அதற்குக் கீழே “வினை முழுமையடைந்தது” என்று நானே எழுதியிருந்தேன். அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.