கொயிலை மாற்றுமுன் எர்த்தைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிரித்தானியக் கார்களான மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் எல்லாவற்றிலும் மின்சாரச் சாமான் லூகாஸ் கம்பனியுடையதுதான். ஸ்ராட் எடுக்காவிட்டால் முதலில் கழற்றப்படுவது, பற்றறியின் 12 வோல்ற்றைப் பிளக் பொறிக்கு உயர்த்திக் கொடுக்கும் பாவம் அந்தக் கொயில். பெரும்பாலும் பிழை அதில் இருப்பதில்லை. கீழே வரும் அளவுகள் மைனர் 1000 காருக்கு உரியவை. தேடும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

முதலில் எர்த், அதாவது கரண்ட் பொடி வழியாகப் பற்றறிக்குத் திரும்பும் பாதை. எஞ்சின் றப்பரில் உட்கார்ந்திருப்பதால் அதையும் பொடியையும் இணைப்பது ஒரு பின்னல் பட்டி மட்டுமே. மைனரில் அது கியர்பொக்ஸ் பக்கம், அடியில் இருக்கிறது. எண்ணெயும் சேறும் மூடிக் கிடப்பதால் கண்ணில் படாது. பட்டி அறுந்தாலும் கார் உடனே நின்றுவிடாது. ஸ்ராட்டர் இழுக்கும் கரண்ட் சோக் கேபிள் வழியாகப் போகத் தொடங்கும். ஸ்ராட் அடிக்கும்போது சோக் கேபிள் சுட்டால், புகைந்தால், வேறு எதையும் தேட வேண்டாம். சந்தேகமென்றால் மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் புளொக்கிலும் வைத்து ஸ்ராட் அடித்துப் பாருங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ துரு இருக்கிறது. கடற்கரைப் பக்கம் நிற்கும் கார்களில் புல்லற் இணைப்புகளையும் (வயர் முனைகளை உறைக்குள் செருகி இணைப்பவை) ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். கறுப்பு றப்பர் உறை வெளியே நல்லாய்த்தான் இருக்கும், உள்ளே பித்தளை பச்சைக் களிம்பு பிடித்துக் கிடக்கும்.

இனி கொயில். சுவிச்சைப் போட்டு, பொயின்ற் (பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) மூடி நிற்கும்போது வெள்ளை வயர் வரும் முனையில் பற்றறி வோல்ற்றுக்குக் கிட்ட இருக்க வேண்டும். வெள்ளை-கறுப்பு வயர், அதாவது டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் முனையில், கிட்டத்தட்ட பூச்சியம். பொயின்றைத் திறந்தால் அங்கே 12க்கு ஏற வேண்டும். திறந்தும் ஏறாவிட்டால் உள்ளே ஷோர்ட். அநேகமாக, பொயின்ற் மாற்றியவர் கண்டென்சர் (பொயின்றில் பொறி எழாமல் தடுக்கும் சாமான்) வயரின் முனையையும் ஸ்பிறிங்கையும் இன்சுலேட்டர் வோஷரின் பிழையான பக்கத்தில் பூட்டியிருப்பார். மூடியும் 12 காட்டினால் பொயின்ற் கருகியிருக்கும் அல்லது பேஸ் தட்டின் சிறிய எர்த் வயர் துணி உறைக்குள் அறுந்திருக்கும்.

கொயில் மாற்றத்தான் வேண்டுமென்றால் வாங்குமுன் மீற்றரில் ஓம் பாருங்கள். இந்தக் கார்களுக்கு வேண்டியது 3 ஓமுக்குச் சற்று மேல். பலாஸ்ற் றெசிஸ்ரர் (கொயிலுக்கு முன் கரண்டைக் குறைக்கும் தடை) வைத்த கார்களுக்கான 1.5 ஓம் கொயிலும் பார்வைக்கு இதே உருளைதான். அதை நேரே பூட்டினால் கரண்ட் இரட்டிப்பாகும், கொயில் கொதிக்கும், பொயின்ற் சீக்கிரமே நீலம் பாய்ந்து போகும். பிறகு பழி லூகாஸ் மேல்.

பொயின்ற் இடைவெளி 15 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 15), மில்லிமீற்றரில் 0.38. பொயின்றைத் திறக்கும் காமின் உச்சியில் பொயின்றின் குதி நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். பழைய பொயின்றில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் முளையும் இருக்கும். பீலர் தகடு முளையில் தட்டுவதால் உண்மையான இடைவெளி அளவைவிடக் கூடுதலாகிவிடும். சாணைக்கல்லில் முளையைத் தேய்த்துவிட்டு அளவுங்கள், எமரித் தாள் வேண்டாம், அதன் தூள் பொயின்றில் பதிந்துகொள்ளும். பிளக் இடைவெளி 25 தௌ.

சூடானதும் நின்று, ஆறினதும் எடுக்கும் காருக்கு இரண்டு காரணங்கள் அதிகம்: கண்டென்சர், றோட்டர் ஆம் (டிஸ்ரிபியூற்றருக்குள் சுற்றிப் பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்புவது). புதிய பெட்டியில் வருவதெல்லாம் நல்லதென்று நம்பாதீர்கள். பழுதில்லாத பழையது இருந்தால் எறியாமல் வைத்திருங்கள். றோட்டரைச் சோதிப்பது சுலபம். கொயிலின் நடு வயரை றோட்டரின் பித்தளைக்கு மேலே 3 மில்லிமீற்றர் தூரத்தில், நல்ல உறையுள்ள குறட்டால் பிடித்து, பொயின்றைத் திறந்து மூடுங்கள். பொறி பாய்ந்தால் றோட்டர் உள்ளே எர்த் ஆகிறது. கரண்ட் கசியும் வழி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது குப்பைக்குத்தான்.

ரைமிங்கை, அதாவது பொறி பாயும் நேரத்தை, பார்க்காமல் விடாதீர்கள். மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில் எஞ்சின் தட்டுகிறது என்று பின்னுக்குத் திருப்பிய டிஸ்ரிபியூற்றர் இன்னும் அதே இடத்தில் நிற்கக்கூடும். ஒரு 12 வோல்ற் பல்பை வெள்ளை-கறுப்பு முனைக்கும் எர்த்துக்கும் இடையில் கொடுத்து, முதலாம் சிலிண்டர் அமுக்கத்தில் வரும்படி எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். கப்பி அடையாளம் 948 சிசி எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு 5 பாகை முன், 1098 சிசியில் 3 பாகை முன் நிற்கும்போது பல்பு எரியத் தொடங்க வேண்டும். றோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் ரைமிங் முன்னுக்கு வரும். வெடிப்பு வரிசை 1-3-4-2.

பியூஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் எழுதியிருக்கும் 35 அம்பியர் என்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17தான். இன்றைய 35 அம்பியர் பியூஸைப் போட்டால் முதலில் எரிவது வயர். 15 போதும்.

பொசிற்றிவ் எர்த்தை (பற்றறியின் பொசிற்றிவ் முனை பொடியில் பூட்டியிருப்பதை) நெகற்றிவுக்கு மாற்றுபவர்கள் பற்றறியை மட்டும் திருப்பிவிட்டு நின்றுவிடுகிறார்கள். கொயிலின் இரண்டு சிறு வயர்களையும் மாற்றிப் பூட்ட வேண்டும், இல்லையேல் பிளக்குக்குத் தலைகீழ் பொறி போய் ஸ்ராட் கடினமாகும். டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றி, பற்றறியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரை டைனமோவின் சிறிய எஃப் முனையில் இரண்டு மூன்று தரம் தொட்டு எடுத்தால் அதன் காந்தம் புதுத் திசைக்கு மாறும். ஸ்ராட்டருக்கும் ஹோர்னுக்கும் எதுவும் செய்யத் தேவையில்லை. எஸ்யூ பெற்றோல் பம்ப் பழைய வகையென்றால் அதுவும் அப்படியே. பின்னாளில் டயோட் வைத்து வந்த பம்ப் என்றால் வயரைப் பூட்டுமுன் மூடியைக் கழற்றி, டயோட் எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள்.