பெர்கன் ரயிலில் ஒரு ஃபானா தொப்பி

பின்னுகிறவர்கள் வாழ நார்வே வசதியான நாடு. பஸ்ஸிலோ கூட்டத்திலோ நூலை எடுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ரயிலில் ஏறக்குறைய ஏழு மணி நேரம். அந்த நேரத்துக்கும் இரண்டு இரவுக்கும் பொருந்துகிற வேலை எது என்று பார்த்தால், ஸ்வெட்டர் பையை அடைத்துக்கொள்ளும், சாக்ஸில் குதிகால் வரும்போது தலை நிமிர முடியாது. தொப்பிதான் சரி. பெர்கன் போகிறோம் என்பதால் ஃபானா டிசைன். ஃபானா பெர்கனுக்குத் தெற்கே உள்ள பகுதி, 1972 வரை தனி நகராட்சி. அந்த ஊர் ஸ்வெட்டரில் கீழே சதுரங்கக் கட்டம், உடம்பு முழுக்கப் புள்ளி வைத்த கோடுகள், தோளில் எட்டிதழ்ப் பூ என்று மூன்று அடுக்கு இருக்கும். மூன்றையும் சுருக்கி ஒரு தொப்பியில் அடக்கியதுதான் இந்தக் கணக்கு.

நூலும் ஊசியும்

நூல் ரவ்மா ஃபின்உல் என்ற கம்பளி நூல், 50 கிராமுக்கு 175 மீட்டர். அடர் நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று. இரண்டிலும் ஒவ்வொரு பந்து தாராளம், பாதிக்கு மேல் மிஞ்சும். ஊசி 2.5 மி.மீ., 3 மி.மீ. இரண்டுமே 80 செ.மீ. வட்ட ஊசி. தொப்பிக்கு 40 செ.மீ. போதும் என்பார்கள், உண்மைதான். ஆனால் உச்சியில் ஸ்டிச் குறையும்போது அது எட்டாது, ஐந்து குட்டை ஊசிகளுக்கு மாற வேண்டும். ஓடும் ரயிலில் அதில் ஒன்று சீட்டுக்கு அடியில் உருண்டு போவது நிச்சயம். 80 செ.மீ. ஊசியின் ஒயரை நடுவில் வளையமாக இழுத்துவிட்டால் தொடக்கம் முதல் உச்சி வரை அதே ஊசியில் முடித்துவிடலாம். மூங்கில் ஊசி நல்லது. உலோகத்தில் ஸ்டிச் வழுக்குகிறது, சத்தமும் போடுகிறது.

கேஜ், அதாவது பின்னலின் நெருக்க அளவு: இரண்டு நிறப் பின்னலில் 10 செ.மீ.க்கு 26 ஸ்டிச், 28 சுற்று. சாம்பிள் துண்டைத் தட்டையாகத் திருப்பித் திருப்பிப் பின்னிப் பார்த்தால் கணக்கு பொய்யாகும். பர்ல் வரிசையில் (துணியின் உட்பக்கத்திலிருந்து பின்னுவது, வெளிப்பக்கத்திலிருந்து பின்னுவது நிட்) பலருக்குக் கை தளர்ந்துவிடும், வட்டத்தில் பர்லே கிடையாது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஸ்டிச்சுகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்பக்கம் தளர்வாக விட்டு, மறுபடி நிட் வரிசையாகவே பின்னி அளக்க வேண்டும்.

தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால் தொப்பி 51 செ.மீ. போதும். அதற்கு 132 ஸ்டிச். இந்த எண்ணைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு: 4ஆல் வகுபடும், ரிப்புக்கும் (விளிம்பில் வரும் இழுபடும் பட்டை) கட்டத்துக்கும் புள்ளிக்கும் சரி. 22ஆல் வகுத்தால் ஆறு, ஆறு பூ வரும். உச்சியிலும் அதே ஆறு பங்கு. தலை சின்னதோ பெரிதோ ஆனால் ஸ்டிச் எண்ணிக்கையைத் தொடாமல் ஊசியைக் கால் மி.மீ. மாற்றிக்கொள்வதே சுலபம்.

நீலமோ சிவப்போ வெள்ளையோடு சேரும்போது சாயம் இறங்குமா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஒரு முழ நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைக் காகிதத் துண்டில் வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும்.

ஆஸ்லோ முதல் கெய்லோ வரை: ரிப்பும் கட்டமும்

நீல நூலின் முனையை வாலாக நீளமாக விட்டு ஸ்டிச் ஏற்ற 2 மீட்டர் வால் போதும். ஏற்றுவது 3 மி.மீ. ஊசியில், அப்போதுதான் விளிம்பு நெற்றியை அறுக்காது. பின்னுவது 2.5இல். ஆட்டத்தில் 132 ஸ்டிச்சும் முறுக்காமல் வட்டமாகச் சேர்ப்பது பாடு. முதல் இரண்டு வரிசையைத் தட்டையாகவே பின்னிவிட்டு மூன்றாவதில் சேர்த்தால் முறுக்கு விழுந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். கீழே நிற்கும் சின்ன இடைவெளியை அந்த வாலாலேயே தைத்துவிடலாம். இதைத் தவறவிட்டு முறுக்கோடு சேர்த்துவிட்டால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று 14 சுற்று, ஏறக்குறைய 4 செ.மீ. ஒரு சுற்றுக்கு ஏழெட்டு நிமிடம். கை தானாக ஓடும் வேலை, பேசிக்கொண்டே பின்னலாம். கணவர் கூட வரும் பயணத்தில் ரிப்பை முதலில் வைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

பிறகு 3 மி.மீ. ஊசிக்கு மாறி நீலத்தில் ஒரு வெறும் சுற்று. இதில் 22 ஸ்டிச்சுக்கு ஒரு மார்க்கர், அதாவது ஊசியில் மாட்டும் அடையாள வளையம். அடுத்த நான்கு சுற்று கட்டம்: இரண்டு நீலம், இரண்டு வெள்ளை என இரண்டு சுற்று, நிறத்தை மாற்றி மேலும் இரண்டு சுற்று.

இங்கேதான் தொப்பி சுருங்கத் தொடங்கும். நிறம் மாறும்போது பின்னால் ஓடும் நூல் இறுகிவிடுவதுதான் காரணம். வலது ஊசியில் இருக்கும் கடைசிப் பத்துப் பதினைந்து ஸ்டிச்சை விரலால் விரித்துவிட்டு அடுத்த நிறத்தை எடுக்க வேண்டும். இன்னொன்று: வெள்ளை எப்போதும் கீழிருந்து வரட்டும், நீலம் மேலிருந்து வரட்டும். கீழிருந்து வரும் நூலின் ஸ்டிச் கொஞ்சம் பெரிதாக விழும், டிசைன் அதனால்தான் எடுப்பாகத் தெரியும். நடுவில் மாற்றிப் பிடித்தால் பாதிப் பூ மங்கலாகவும் பாதி பளிச்சென்றும் நிற்கும். வெள்ளைப் பந்தை இடது பக்கப் பையிலும் நீலத்தை வலது பக்கப் பையிலும் வைத்துவிட்டால் நூல்கள் முறுக்கிக்கொள்ளாது.

கெய்லோவுக்கு மேலே: கோடும் புள்ளியும்

1909இல் திறந்த இந்தப் பாதை ஃபின்சே நிலையத்தில் 1,222 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. கோடையிலும் பனித்திட்டு தெரியும் இடம். அங்கே குனிந்து பூவின் நிறக் கட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்து சீட்டிலிருந்து கட்டாயம் ஒரு பெருமூச்சு கேட்கும். ஆகவே இந்தப் பகுதிக்குக் கோடு. நீலத்தில் ஒரு வெறும் சுற்று முடித்த பின் இது மொத்தம் ஆறே சுற்று:

1. வெள்ளை முழுவதும்
2. மூன்று வெள்ளை, ஒரு நீலம்
3. வெள்ளை முழுவதும்
4. நீலம் முழுவதும்
5. ஒரு நீலம், ஒரு வெள்ளை, இரண்டு நீலம்
6. நீலம் முழுவதும்

புள்ளிகள் ஒன்றுக்கு மேல் ஒன்று நிற்காமல் இடைவெளியில் விழும். வட்டப் பின்னலில் கோடு போட்டால் சுற்று தொடங்கும் இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு வரும். புதிய நிறத்தின் இரண்டாவது சுற்றில் முதல் ஸ்டிச்சைப் பின்னும்போது அதற்குக் கீழுள்ள ஸ்டிச்சின் வலது காலையும் ஊசியில் தூக்கி இரண்டையும் சேர்த்துப் பின்னினால் வெட்டு மறைந்துவிடும். மிச்சம் தெரிந்தாலும் அது பின்னந்தலைக்குத்தான் போகும்.

மிர்தால் நிலையத்துக்குப் பிறகு சுரங்கங்கள் அடிக்கடி வரும், வெளிச்சம் வந்து வந்து போகும். பூவை அங்கே தொடங்க வேண்டாம்.

பெர்கனில்: பூ

ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர். ஹோட்டலில் உட்கார வேண்டிய நேரம் எப்படியும் கிடைக்கும். பூ 21 ஸ்டிச் அகலம், 21 சுற்று உயரம், இரண்டு பூவுக்கு நடுவில் ஒரு நீல ஸ்டிச். சுற்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் மூன்றரை மணி நேரம். இரண்டு சாயங்காலமாகப் பிரித்துக்கொண்டால் சண்டை வராது.

பூவுக்கு அடியிலும் மேலுமாக நீலத்தில் ஒவ்வொரு வெறும் சுற்று வைத்துக்கொள்ள வேண்டும். பூவின் முதல் சுற்று சரியாக விழுந்தால் மீதியை அதைப் பார்த்தே பின்னலாம். ஒவ்வொரு மார்க்கரிலும் எண்ணிக்கை ஒத்துவராமல் அடுத்த சுற்றுக்குப் போகக் கூடாது. வரைபடத்தில் ஒட்டுக் காகிதத்தைப் பின்னும் வரிக்கு மேலே ஒட்ட வேண்டும். கீழே ஒட்டினால் முடித்த வரிகள் மறைந்துபோய் ஒப்பிட முடியாமல் போகும்.

பூவின் மூலைகளில் ஒரே நிறம் ஏழு, ஒன்பது ஸ்டிச் என நீளும். ஐந்தைத் தாண்டினால் பின்னால் ஓடும் நூலை நடுவில் ஒருமுறை சிக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொப்பி போடும்போது காதோ கம்மலோ மாட்டும். அடுத்தடுத்த சுற்றில் ஒரே இடத்தில் சிக்கவைக்கக் கூடாது, முன்பக்கம் வெள்ளை எட்டிப் பார்க்கும். ஒரே ஒரு ஸ்டிச் நிறம் தவறியிருந்தால் பிரிக்கவே வேண்டாம். முடிந்த பிறகு தையல் ஊசியில் சரியான நிறத்தைக் கோத்து அந்த ஸ்டிச்சின் மேலேயே ஓட்டிவிடலாம்.

மழை விட்டால் ஊர் சுற்றலாம். ஃப்ளோயன் மலைக்கு 1918இல் தொடங்கிய மலை ரயில் 320 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். பழைய மர வீடுகளின் வரிசையான ப்ரிக்கன் 1979இலிருந்து உலக மரபுச் சின்னம். இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கிச் சாப்பிட்ட கையோடு வெள்ளை நூலைத் தொட வேண்டாம், வெண்ணெய்க் கறை சாதாரண அலசலில் போகாது.

பின்னுகிறவர்களுக்கு ஃப்ளோயனைவிட முக்கியம் ஊருக்கு வடக்கே சல்ஹூஸில் இருக்கிறது. 1859இல் தொடங்கி 1989இல் மூடிய பின்னலாடை ஆலை இப்போது அருங்காட்சியகம். பஸ்ஸில் போய் வரலாம், திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இயந்திரத்தில் ஆர்வமுள்ள கணவர் என்றால் அவருக்கும் பொழுது போகும், நூல் கடையில் நிற்கவைப்பதைவிட நியாயமான ஏற்பாடு.

நூல் வாங்குவதானால் 1898 முதல் ஹெல்மோஸில் இயங்கும் ஹில்லெஸ்வோக் ஆலை நூலைத் தேடலாம். அவர்களுடைய டிண்டெ 100 கிராமுக்கு 260 மீட்டர், ஃபின்உல்லைவிடத் தடிமன். 3.5 மி.மீ. ஊசியில் கையுறைக்கு அருமை, இந்தத் தொப்பிக் கணக்குக்கு ஆகாது. இது சிட்டமாக வருவது. பந்தாகச் சுற்றாமல் பின்னத் தொடங்கினால் சிக்கு எடுப்பதிலேயே விடுமுறை கழியும். கடையில் சுற்றித் தருவார்களா என்று கேட்கலாம். இல்லையென்றால் நாற்காலி முதுகு இருக்கிறது, அல்லது டிவி பார்க்கும் மனிதரின் இரண்டு கை இருக்கிறது.

திரும்பும் வழியில்: உச்சி

பூவுக்கு மேலே நீலத்தில் வெறும் சுற்று முடிந்ததும் வெள்ளையை வெட்டிவிட்டு 2.5 மி.மீ. ஊசிக்கு மாற வேண்டும். ஒற்றை நிறத்தில் பின்னல் கொஞ்சம் விரியும், ஊசி மாற்றாவிட்டால் பூவுக்கு மேலே தொப்பி உப்பிக்கொண்டு நிற்கும். ஆறு மார்க்கரிலும் மூன்று ஸ்டிச்சை ஒன்றாக்குவது: இரண்டைச் சேர்த்து நிட் போல எடுத்து, மூன்றாவதைப் பின்னி, எடுத்த இரண்டையும் அதன் மேல் தாண்டவிடுவது. பிரிக்கும் நீல ஸ்டிச்சே நடுவில் வருமாறு பார்த்துக்கொண்டால் ஆறு கோடும் பூக்களுக்கு நடுவிலிருந்து நேராக எழும்பும். ஒரு முறைக்கு 12 ஸ்டிச் குறையும். முதல் ஆறு முறை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, கடைசி நான்கு முறை தொடர்ந்து. மொத்தம் 16 சுற்று, மிஞ்சுவது 12 ஸ்டிச். நூலை அவற்றின் வழியே இரண்டு முறை கோத்து இழுத்து உள்ளே முடிய வேண்டும். வரைபடம் கிடையாது என்பதால் சுரங்கத்திலும் தடையின்றி ஓடும். உயரம் மொத்தம் 21 செ.மீ. அளவில் வரும்.

அலசல்

பின்னி எடுத்த உடனே பார்த்தால் பூ கோணலாகத்தான் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் கம்பளி சோப்புப் போட்டு இருபது நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, ஊதிய பலூனின் மேல் மாட்டிக் காயவிட வேண்டும். பலூன் பூ வரை மட்டும் இருக்கட்டும். ரிப்பை இழுத்துக் காயவைத்தால் அதன் பிடி போய்விடும்.

ஃபின்உல் மெரினோ அல்ல, நெற்றியில் அரிப்பவர்களுக்கு அரிக்கும். ரிப்பின் உட்பக்கம் 4 செ.மீ. அகல ஃப்ளீஸ் பட்டையைத் தளர்வாகத் தைத்துவிடலாம், தொப்பி அரை செ.மீ. இறுகும். முன்கூட்டியே தெரிந்தால் ரிப்பை மட்டும் மெரினோ நூலில் பின்னிவிடுவது இன்னும் நல்லது.