நெகட்டிவ் எழுதுவதுதான் கஷ்டம்

டி.பி. லேபில் கிருமியைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய காரியம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் 3+ ஸ்லைடு, அதாவது கிருமி நிறைய இருக்கிற சளி ஸ்லைடு, பார்ப்பது சுலபமான வேலை. நீலப் பின்னணியில் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாக ஒவ்வொரு ஃபீல்டிலும் (லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம்) பத்துக்கு மேல் கிடக்கும், 20 ஃபீல்டு பார்த்து எழுதிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். நெகட்டிவ்தான் ஆளைத் தின்றுவிடும். 100 ஃபீல்டு முழுசாகப் பார்த்து ஒன்றுகூட இல்லை என்றால்தான் அப்படி எழுத முடியும், கடைசி ஃபீல்டில் ஒரே ஒரு குச்சி தட்டுப்பட்டாலும் அது ஸ்கேன்டி, அதாவது கிருமி இருக்கிறது, ஆனால் ரொம்பக் குறைவு. ஆனால் அறுபது எழுபதைத் தாண்டியதும், டிரேயில் இன்னும் எத்தனை ஸ்லைடு இருக்கிறது என்று மனசு கணக்குப் போடும், ஸ்லைடை நகர்த்தும் கை தானாக வேகமெடுக்கும். இந்த வேலையில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் அதுதான்.

சரி, 100 ஃபீல்டும் ஒழுங்காகப் பார்த்தாயிற்று, அப்போதாவது நிம்மதியா? மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 10,000 கிருமியாவது இருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் சளியில் கிருமி குறைவாகத்தான் இருக்கும். ஸ்மியரை (ஸ்லைடில் பூசும் சளியை) தடிமனாகப் பூசினாலோ, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஆவி வரும் அளவுக்குச் சூடாக்காமல் அவசரப்பட்டாலோ, இருக்கிற கிருமியும் கண்ணில் படாமல் போகும்.

இதையெல்லாம் விட முக்கியம் டப்பாவில் என்ன வருகிறது என்பது. போன வாரம் ஒரு தாத்தா கேரி பேக்கில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தார். திறந்தால் வெற்றிலைச் சிவப்பில், நுரையோடு வெறும் எச்சில். "தாத்தா, வாயை நல்லாக் கொப்பளிச்சிட்டு, மூச்சை ஆழமா இழுத்துப் பிடிச்சு, நெஞ்சிலிருந்து இருமித் துப்பணும்" என்றேன். "அதெல்லாம் நேத்தே வந்துருச்சும்மா, இன்னைக்கு இதுதான் இருக்கு" என்றார். சிரிப்பு வந்தாலும் வாசலில் மரத்தடியில் உட்காரவைத்து, நான் காற்றுக்கு முதுகைக் காட்டித் தள்ளி நின்றுகொண்டு, திரும்ப இருமச் சொன்னேன். (கட்டடத்துக்குள் யாரையும் இருமித் துப்பச் சொல்வதில்லை, கிருமி காற்றில்தான் பரவுகிறது.) கொஞ்ச நேரம் கழித்து மஞ்சளாக, கெட்டியாக வந்தது. பெரியவர் மேல் தப்பே இல்லை. டப்பாவைக் கையில் கொடுத்தவர் ஒரு நிமிஷம் செலவழித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் சிபிநாட் மெஷின் வந்த பிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது என்று பலர் சொல்கிறார்கள். அருமையான மெஷின்தான். இரண்டே மணி நேரத்தில் டி.பி. இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்று இரண்டையும் சொல்லிவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். ஆனால் சளியை ஊற்றி மெஷினில் வைக்கும் அந்த கார்ட்ரிட்ஜ் தன்னுடைய வினை சரியாக நடந்ததா என்று மட்டும்தான் சரிபார்க்கும். உள்ளே போனது நெஞ்சுச் சளியா, வாய் எச்சிலா என்று அதற்குத் தெரியாது. எச்சிலை ஊற்றினாலும் எர்ரர் எதுவும் இல்லாமல் சுத்தமாக 'நாட் டிடெக்டட்' என்று தரும், பிரிண்டில் பார்க்கும்போது அதைவிட உறுதியான விஷயம் உலகத்திலேயே இல்லை என்பது போல இருக்கும்.

அதோடு, செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் அது பிடித்துவிடும் என்பதால், மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சளி சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க இன்னும் ஸ்மியர்தான் போடுகிறோம். மைக்ராஸ்கோப்புக்கு ஓய்வு கிடையாது.

சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் சளி வராது. அப்போது எச்சிலையே போட்டுப் பார்க்கிறோம், அதிலும் சிலசமயம் பாசிட்டிவ் வரும். நெகட்டிவ் வந்தால் ரிப்போர்ட்டில் சளியின் தோற்றம் எழுதும் கட்டத்தில் மறக்காமல் 'சலைவா' (எச்சில்) என்று எழுதுகிறேன். அந்தக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். முடிவை மட்டும் பார்த்துவிட்டு "டி.பி. இல்லை, போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள், அந்த ஆள் இருமிக்கொண்டே பஸ் ஏறிப் போகிறார். அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டு வேறு சளி கேட்டோ, எக்ஸ்ரேவுக்கோ அனுப்புகிற டாக்டர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து சீட்டு வந்தால் எனக்கு ஒரு ஸ்லைடு வேலை கூடும், பரவாயில்லை.